ஹங்கேரி நாட்டுக் கோழிக் குழம்பு

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் ஆண்டு விழா விருந்துக்கு உணவுப் பட்டியல் வகுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடியிருந்தோம். அப்போது பெரியவர் ஒருவர், "நம் பிள்ளைகள் நூடுல்ஸ் தின்று வளர்கின்றனர், இன்னும் ஒரு தலைமுறை சென்றால் குழம்பு என்றால் என்னவென்று கேட்பர்" என்று மனம் நொந்து கூறினார். அவர் கூற்றில் உண்மை இருப்பதாகவே எனக்குப் பட்டது, நானும் தலையசைத்தேன். அன்று எனக்குப் பார்சல் அலுவலகத்தில் இரண்டாம் ஷிப்டு. பணி முடிந்து இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பினால், என் மகள் தட்டில் வைத்தது நூடுல்ஸ்! அதன்மேல் செக்கச் சிவந்த குழம்பு ஒன்று. அதில் கோழிக் கீமா. அதற்கும் மேல் ஒரு கரண்டித் தயிர். "இது ஹங்கேரி நாட்டு உணவு, அப்பா. அரை மணி நேரத்தில் ஆகிவிட்டது" என்றாள். பசி பத்தும் மறக்கச் செய்யும் என்பார்கள். காலையில் தலையசைத்ததை மறந்தேன்; இரண்டாம் முறையும் தட்டை நீட்டினேன்.

என் தாயார் மட்டும் ஒரு வாய் உண்டுவிட்டு, "இத்தனை சிவப்பாக இருக்கிறதே, காரம் எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

எளிய கேள்விதான். ஆயினும் எங்கள் வீட்டில் ஒருவராலும் விடை கூற இயலவில்லை. ரயில்வே இன்ஸ்டிட்யூட் நூலகத்திலும் பிறவிடங்களிலும் பல நாள் தேடிப் படித்து அறிந்தவற்றை அன்பர்கள் முன் வைக்கின்றேன்.

ஹங்கேரி என்பது கடலைக் காணாத நாடு. ஐரோப்பாவின் நடுவே, டான்யூப் ஆறு பாயும் பரந்த சமவெளி. அந்நாட்டுச் சமையலில் இன்று 'பப்ரிகா' என்னும் செம்மிளகாய்ப் பொடி இல்லாத அடுக்களையைக் காண்பது அரிது. நாம் மேலே கூறிய குழம்பின் மூல வடிவமான கோழிப் பப்ரிகாஷ் அவர்களுக்கு, நமக்குச் சாம்பார் போன்றது. ஆனால் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டில் ஒருவரும் அக்காயைக் கண்டதில்லை. நம் நாட்டிலும் கண்டதில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நலம்.

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். சங்க காலத்துத் தமிழர் உறைப்புக்கு மிளகையே நம்பியிருந்தனர்; அதனைக் 'கறி' என்றனர். முசிறித் துறைமுகத்தில் யவனர் பொன்னைக் கொடுத்துக் கறியைக் கொண்டு சென்ற செய்தியை அகநானூறு கூறும். அந்த மிளகு மேலை நாட்டுச் செல்வரின் மேசையில் பல நூற்றாண்டுகள் வீற்றிருந்தது. அதன் விலை ஏழைக்கு எட்டாதது. அம்மிளகு விளையும் நாட்டைக் கடல் வழியே அடைய எண்ணிப் புறப்பட்ட கொலம்பஸ், 1492இல் வேறொரு கண்டத்தில் கரையேறினார். மிளகு அங்கு இல்லை. உறைக்கும் சிவந்த காய் ஒன்றுதான் இருந்தது. ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் 'பிமியெந்தா' என்று பெயர். அக்காய்க்குப் 'பிமியெந்தோ' என்று பெயராயிற்று. தேடி வந்த பொருள் கிடைக்காவிடினும் அதன் பெயரையேனும் கிடைத்த பொருளுக்குச் சூட்டி மனம் தேறினர் போலும்!

இதில் நகைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை. போர்த்துக்கீசியர் கப்பலில் அக்காய் மேற்குக் கரைக்கு வந்து, மலைகளைக் கடந்து நம் நாட்டை அடைந்தபோது நாமும் அதையே செய்தோம். மிளகு போல் உறைக்கும் காய், ஆதலின் மிளகாய். பெயரே பிறப்புச் சான்றிதழ். இன்றும் சில இல்லங்களில் திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை. மிளகு மட்டுமே சேர்ப்பர். பழைய கோயில் மடைப்பள்ளிகள் சிலவற்றிலும் அவ்வாறே. முன்னோர் அறியாத பொருளை முன்னோர்க்குப் படைப்பது முறையன்று என்ற எண்ணம் அதில் இருக்கிறது. ஆக, மிளகாய் வந்தேறி என்பதை நம் அடுக்களைகள் இன்னும் முழுவதும் மறக்கவில்லை.

ஐரோப்பியரோ விரைவில் மறந்தனர். 1542ஆம் ஆண்டில் லியோன்ஹார்ட் ஃபுக்ஸ் என்னும் ஜெர்மானியத் தாவர அறிஞர் செடிகளைப் பற்றிப் படங்களுடன் ஒரு பெருநூல் வெளியிட்டார். அதில் மிளகாய்ச் செடியும் உண்டு. அதற்கு அவர் தந்த பெயர்களுள் ஒன்று 'கள்ளிக்கோட்டை மிளகு'! கொலம்பஸ் சென்று மீண்டு ஐம்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அதற்குள் அச்செடி இந்தியாவிலிருந்து வந்தது என்று படித்தவர்களே நம்பினர். பார்சல் அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அனுப்பிய நிலையத்தின் சீட்டு கிழிந்துபோய், இடையில் சரக்கு மாற்றிய நிலையத்தின் சீட்டு மட்டும் ஒட்டியிருந்தால் இப்படித்தான் ஆகும்.

நிற்க. இக்காய் ஹங்கேரியை அடைந்த வழி போரின் வழியாகும். 1526 ஆகஸ்டு 29 அன்று மொஹாச் என்னும் இடத்தில் துருக்கிச் சுல்தான் சுலைமானின் படை ஹங்கேரியின் படையைச் சில மணி நேரத்தில் அழித்தது. அந்நாட்டு மன்னன் இரண்டாம் லாயோஷ் பின்வாங்கும் வேளையில் உயிரிழந்தான். அவனுக்கு வயது இருபது. 1541இல் தலைநகரான புடாவும் துருக்கியர் கையில் வீழ்ந்தது. 1686 வரை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள், நாட்டின் நடுப்பகுதி அவர்கள் ஆட்சியில் இருந்தது. துருக்கியருடனும், அவர்கள் ஆட்சிக்குட்பட்ட பால்கன் நாட்டு மக்களுடனும் மிளகாய் அங்கு வந்தது. முதலில் அதனை ஹங்கேரியர் அழைத்த பெயர் 'துருக்கி மிளகு'. தம்மை வென்றவனின் பெயரைத் தாங்கிய பொருள் அது. செல்வர்கள் தோட்டத்தில் அழகுக்காக வளர்த்தனர், உண்ணவில்லை.

'பப்ரிகா' என்ற சொல் பின்னர் வந்தது. தெற்கே வாழ்ந்த சுலாவிய மக்கள் மிளகைப் 'பபர்' என்பர். அதன் குறுமை வடிவமே பப்ரிகா. பபர் என்பது லத்தீன் 'பிப்பெர்' என்பதோடும், அது கிரேக்கப் 'பெப்பெரி' என்பதோடும் உறவுடையது. அக்கிரேக்கச் சொல்லின் மூலம் வடமொழிப் 'பிப்பலி'. அதாவது நம் வீட்டு மருந்துப் பெட்டியில் கிடக்கும் திப்பிலி! காய் அமெரிக்காவிலிருந்து கிழக்கு நோக்கிப் புறப்பட்டது. பெயர் இந்தியாவிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டது. இரண்டும் டான்யூப் ஆற்றங்கரையில் சந்தித்தன. இதனைப் படித்த அன்று இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

துருக்கி மிளகை உணவாக்கியவர்கள் பிரபுக்கள் அல்லர். உழவரும், மாடு மேய்ப்போரும், மீனவரும் ஆவர். மிளகு வாங்கக் காசு வேண்டும். பப்ரிகாவோ கொல்லையில் விளையும். முறைக்காய்ச்சலுக்கு அதனை மருந்தாகவும் உண்டனர். 1806இல் நெப்போலியன் ஆங்கில வாணிகத்தைத் தடுக்க ஐரோப்பாத் துறைமுகங்களை அடைத்தபோது மிளகு வருவது அருகியது; விலை ஏறியது. அக்காலத்தில் பப்ரிகா இன்னும் பரவியது என்பர். 

அதற்குச் சற்று முன்னரே வேறொரு மாறுதலும் நிகழ்ந்தது. துருக்கியர்க்குப் பின் ஹங்கேரியை ஆண்டவர் வியன்னாவிலிருந்த ஹாப்ஸ்பர்க் மன்னர். அவருள் இரண்டாம் ஜோசப் என்பவர் 1784இல் ஜெர்மன் மொழியே ஆட்சிமொழி என்று ஆணையிட்டார். மொழியை வெளியிலிருந்து ஒருவன் திணித்தால் என்ன நேரும் என்பது தமிழர்க்குச் சொல்லித் தெரிய வேண்டுவதன்று. ஹங்கேரியப் பிரபுக்கள் தம் மொழி, தம் உடை, தம் உணவு என்று தேடத் தொடங்கினர். மாட்டிடையன் திறந்த வெளியில் கொப்பரையில் வேகவைத்த 'குயாஷ்' மாளிகை மேசைக்கு ஏறியது. ஆணை 1790இல் திரும்பப் பெறப்பட்டது. மேசைக்கு ஏறிய உணவு இறங்கவில்லை. துருக்கியன் கொணர்ந்த காய், ஜெர்மன் மொழிக்கு எதிராக ஹங்கேரியனின் அடையாளமாயிற்று. அடுத்து வந்த நூற்றாண்டில் கோழியைப் பப்ரிகாவில் சமைக்கும் முறையும் சமையல் நூல்களில் இடம்பெறலாயிற்று.

இனி என் தாயாரின் கேள்விக்கு வருவோம். காரம் எங்கே போயிற்று?

ஹங்கேரியப் பப்ரிகாவும் முதலில் கடுங்காரமே. மிளகாயின் காரம் விதையில் இருப்பதாகப் பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அது உள்ளே விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிற நரம்பில் உள்ளது; அதனைத் தொட்டுக்கொண்டிருப்பதால் விதையும் உறைக்கிறது. தெற்கு ஹங்கேரியில் செகெத் என்னும் ஊரும், அதற்கு மேற்கே டான்யூப் அருகே கலோச்சா என்னும் ஊரும் பப்ரிகாவுக்குப் பெயர் பெற்றவை. இலையுதிர் காலத்தில் காய்களை நீண்ட மாலைகளாகக் கோத்து வீட்டுச் சுவர்களில் தொங்கவிடுவர். சுவரே சிவந்து தோன்றும். உலர்ந்த காயைப் பெண்கள் ஒவ்வொன்றாகக் கையால் பிளந்து நரம்பை நீக்குவர். விரல் எரியும் வேலை. நம் ஊரில் வற்றல் மிளகாய்க் காம்பு கிள்ளிய கையால் கண்ணைத் துடைத்தவர்கள் அதனை நன்கு அறிவர். 1859இல் செகெத் நகரத்துப் பால்ஃபி சகோதரர்கள் நரம்பையும் விதையையும் பிரித்து, எந்த அளவு காரம் வேண்டுமோ அந்த அளவில் பொடியாக்கும் முறையை ஏற்படுத்தினர். இனிப்பு, அரை இனிப்பு, காரம் எனப் பொடிக்குத் தரங்கள் வகுக்கலாயின. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிறவியிலேயே காரமற்ற செடி வகைகளையும் உழவியல் அறிஞர் உருவாக்கினர். ஆகவே காரம் எங்கும் போய்விடவில்லை. நிறமும் மணமும் வேண்டும், எரிச்சல் வேண்டா என்று முடிவு செய்து அவர்களே நீக்கிவிட்டனர். தாயாரிடம் இதைக் கூறினேன். "நீக்கிய காரத்தை என்ன செய்தார்கள்?" என்று கேட்டார். அதற்கும் விடை உண்டு: காரம் விரும்புவோர்க்கெனத் தனித் தரமாக அதனையும் அரைத்து விற்றனர். வணிகர் எந்நாட்டிலும் வணிகரே.

அதே செகெத் நகரில் ஓர் இரவுணவு உலகப் புகழ் பெற்றது. ஆல்பெர்ட் சென்ட்-ஜியோர்ஜி என்னும் அறிவியலறிஞர் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். பின்னாளில் வைட்டமின் சி என்று நிலைநாட்டப்பட்ட பொருளை அவர் முன்னமே விலங்குகளின் சுரப்பிகளிலிருந்து பிரித்திருந்தார். ஆனால் கிடைத்தது சிறிதளவே, ஆராய்ச்சிக்குப் போதவில்லை. ஒரு நாள் இரவு அவர் மனைவி உணவுடன் பசுமையான பப்ரிகாவைப் பரிமாறினார். அவருக்கு அன்று அதனை உண்ண விருப்பமில்லை. வேண்டாம் என்று சொல்லவும் துணிவில்லை. இக்காயை இதுவரை ஆராயவில்லையே என்று தோன்றவே, அதனைக் கையில் எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் சென்றுவிட்டார். நள்ளிரவுக்குள், அது வைட்டமின் சி நிறைந்த கருவூலம் என்று கண்டார். சில வாரங்களில் கிலோக் கணக்கில் அப்பொருளைப் பிரித்தெடுக்க முடிந்தது. இது அவரே பிற்காலத்தில் எழுதிய செய்தி. 1937இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மனைவி சமைத்ததை உண்ணாமல் தப்பிக்க வழி தேடிய கணவர்கள் பலர். அதற்குப் பின் உலகப் பரிசு பெற்றவர் இவர் ஒருவராகவே இருக்கலாம். பச்சைக் காயில் உள்ள அந்தச் சத்து, உலர்த்திப் பொடித்துச் சமைத்தபின் பெரிதும் குறைந்துவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டம் கருதிப் பப்ரிகாப் பொடியை அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை.

கோழிப் பப்ரிகாஷை ஆங்கிலம் படிப்போரில் பலர் முதலில் சந்திப்பது பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட 'டிராகுலா' புதினத்தில். அதன் முதற்பக்கத்திலேயே ஜோனதன் ஹார்க்கர் என்னும் ஆங்கில இளைஞன் அன்று ஹங்கேரிக்கு உட்பட்டிருந்த க்ளாசென்பர்க் நகரில் இரவுணவாக அதனை உண்கிறான். சுவை மிகுதி, தாகமும் மிகுதி என்று எழுதி, மணக்கவிருக்கும் பெண்ணுக்காகச் செய்முறையைக் கேட்டுப் பெற எண்ணுகிறான். என் கண்ணில் பட்டது வேறு: அதே பக்கத்தில் அவன் வந்த ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்ற குறையும் இருக்கிறது! பேய்க் கதையின் தொடக்கத்திலும் ரயில்வே மீது ஒரு புகார். அந்த க்ளாசென்பர்க் 1920ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் ருமேனியாவுக்கு உரியதாயிற்று.

பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு நெருக்கமான பகுதி இனித்தான் வருகிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே ஹங்கேரியர் பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்றனர். கிளீவ்லாந்து நகரின் எஃகு ஆலைகளைச் சூழ்ந்து பெருங்குடியிருப்புகள் தோன்றின. பின்னர் 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் புரட்சி வெடித்தது. நவம்பர் 4இல் சோவியத் டாங்கிகள் நகருள் புகுந்து அதனை நசுக்கின. ஏறத்தாழ 2,00,000 மக்கள் நாட்டை விட்டு வெளியேறினர். பெரும்பாலோர் ஆஸ்திரிய எல்லையைக் கடந்தவர்கள். இரவில் சதுப்பு நிலத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தவன் சமையல் பாத்திரம் எடுத்துச் செல்ல இயலாது. கைமுறை ஒன்றுதான் உடன் வரும்.

ஹங்கேரியில் இக்குழம்புக்குத் துணை 'நொகெட்லி'. மாவையும் முட்டையையும் நீரையும் தளரப் பிசைந்து, துளையுள்ள தட்டின் வழியே கொதிநீரில் தேய்த்து விழச் செய்வர். நாம் பூந்திக் கரண்டியில் மாவைத் தேய்த்து எண்ணெயில் விடுவது போன்றதே. எண்ணெய்க்குப் பதில் நீர். ஆலையில் எட்டு மணி நேரம் நின்று திரும்பியவர்க்கு இதற்குப் பொறுமை ஏது? கடையில் முட்டை நூடுல்ஸ் பொட்டலம் கிடைத்தது. நொகெட்லியின் இடத்தில் அது அமர்ந்தது. எலும்புடன் கூடிய கோழித் துண்டு மெல்ல வேக ஒரு மணி நேரம் ஆகும்; கொத்திய கோழியோ வான்கோழியோ கால் மணியில் வேகும். அதுவும் மாறியது. என் மகள் சமைத்தது இந்த மாறிய வடிவத்தைத்தான். எலும்பின் சாறு இறங்கிய குழம்பின் சுவை கீமாவுக்கு வாராது என்பதே என் கருத்து. ஆனால் இரவு பத்தரை மணிக்கு அக்கருத்தை நான் வெளியிடவில்லை.

எதை மாற்றினாலும் இரண்டு இடங்களில் மாத்திரம் அவர்கள் கைமுறையை மாற்றுவதில்லை. நால்வர்க்கான அளவுடன் அதனை இங்கே எழுதுகிறேன். பெரிய வெங்காயம் இரண்டைப் பொடியாக நறுக்கிக் கொழுப்பில் பொன்னிறத்துக்கு முன்பே, கண்ணாடி போல் ஆகும் வரை வதக்க வேண்டும். ஹங்கேரியர் பன்றிக் கொழுப்பைக் கொள்வர். எங்கள் வீட்டில் கடலை எண்ணெய். பின்பு வாணலியை அடுப்பிலிருந்து இறக்கிவிட வேண்டும். இறக்கியபின்தான் இரண்டு மேசைக்கரண்டி பப்ரிகாப் பொடி. அதில் சர்க்கரைச் சத்து மிகுதி. அடுப்பின்மேல் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். கிளறிய உடனே அரைக் குவளை நீர் விட்டு மீண்டும் அடுப்பேற்றி, அரைக் கிலோ கோழிக் கீமா, ஒரு தக்காளி, ஒரு குடைமிளகாய், உப்பு சேர்த்து வேகவைக்க வேண்டும். குடைமிளகாயையும் அவர்கள் பப்ரிகா என்றே அழைப்பர். இரண்டாவது இடம் தயிர். அங்கே புளித்த பாலேடு; இங்கே நீர் வடித்த கெட்டித் தயிர் ஒரு குவளை. அதில் ஒரு கரண்டி மைதாவைக் கட்டியின்றிக் கரைத்து, தணலைக் குறைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். மாவு சேராவிடின் தயிர் திரிந்துபோகும். முதல் நாள் என் மகளுக்குத் திரிந்தது. அவள் சொல்லாததால் எங்களுக்குத் தெரியாது. தனியே வேகவைத்து வடித்த நூடுல்ஸின்மேல் இதனை ஊற்ற வேண்டியதுதான்.

பப்ரிகாப் பொடி இவ்வூர்க் கடைகளில் கிடைப்பதில்லை. காசுமீரி மிளகாய்ப் பொடி நிறத்துக்கும் மென்மைக்கும் ஏறத்தாழ ஒத்து வருகிறது. நம்பிக்கையான இடத்தில் வாங்குக. 1994இல் ஹங்கேரியிலேயே பப்ரிகாவில் செவ்வீயம் என்னும் நச்சுச் சாயப் பொருளைக் கலந்து விற்றுப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர்.

அந்தப் பெரியவரை இரு மாதங்களுக்கு முன் ஒரு மாலை வீட்டுக்கு அழைத்து இக்குழம்பைப் பரிமாறினோம். நூடுல்ஸை ஒதுக்கிவிட்டுச் சோறு கேட்டார். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து இரண்டு முறை உண்டார். இவ்வரலாற்றை அவரிடம் கூறியபோது, மிளகாய் நம்முடையது அன்று என்பதை மட்டும் அவர் ஏற்கவில்லை. என் தாயார் வாதத்தில் கலந்துகொள்ளவில்லை. அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, தம் தட்டில் மட்டும் ஒரு சிட்டிகை மிளகுத்தூள் தூவிக்கொண்டு உண்ணத் தொடங்கினார்.